‘தரிசு’ என்று பட்டம் கட்டி மண்ணை அள்ளுகிறார்கள்!

கிராவல் குவாரிக்கு மனுப் போடுகிற கண்டிராக்டர்களுக்கு மிகவும் பிடித்த சொல் ஒன்று உண்டு. ‘தரிசு’ என்பதே அந்தச் சொல். நிலம் தரிசு, மண் சரளை, முள்ளும் புல்லும் தவிர அங்கே வேறொன்றும் இல்லை, ஆகவே தோண்டி எடுப்பதால் யாருக்கும் நஷ்டம் இல்லை என்று எழுதிவிடுவார்கள். மேசை முன் உட்கார்ந்திருக்கும் அதிகாரி அதைப் படித்துத் தலையாட்டுவார். அந்த நிலத்தில் பொழுது விடிந்தது முதல் பொழுது சாய்கிற வரை மேய்கிற மாட்டை அவர் பார்த்ததில்லை. அந்த மாட்டை நம்பி அடுப்பு எரிகிற வீட்டையும் பார்த்ததில்லை.

காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர், அரவக்குறிச்சி வட்டாரங்களில் இருக்கும் மில் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் இந்த நிலம் எதுவென்று தெரியும். அதன் பெயர் தரிசு அல்ல, கொறங்காடு. நம் பாட்டன் பூட்டன் காலந்தொட்டு மனித உழைப்பால் உண்டாக்கிக் காக்கப்பட்ட மேய்ச்சல் காடு அது. இன்று சாலை போடவும், மனைப்பிரிவு நிரவவும், பள்ளம் மேடாக்கவும் கிராவல் வேண்டுமென்று அலைகிற லாபவேட்டைக்காரர்களின் கண் இதன்மேல் விழுந்திருக்கிறது. இந்தப் பகற்கொள்ளையை அம்பலப்படுத்துவது நமது கடமை.

கொறங்காடு என்றால் என்ன?

பட்டணத்தில் பிறந்தவர்களுக்காகச் சொல்லுகிறோம். மேற்கு மலைத் தொடரின் மழை மறைவில் கிடக்கிற இந்தப் பூமியில் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை பெய்தாலே பெரிது. அதுவும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். நெல்லுக்கும் கரும்புக்கும் இங்கே வழியில்லை. இப்படிப்பட்ட நிலத்தில் என்ன செய்து பிழைப்பது என்ற கேள்விக்கு இந்த மண்ணின் உழவர்கள் கண்டுபிடித்த பதில்தான் கொறங்காடு.

காட்டைச் சுற்றி முள்கிளுவை வேலி. கிளுவைக் குச்சியை வெட்டி வரிசையாக நட்டு, அது வேர் பிடித்து, கிளைத்து, ஆடு நுழையாதபடி நெருங்கி வருவதற்கு ஆண்டுக் கணக்கில் ஆகும். வேலிக்குள்ளே கொழுக்கட்டைப் புல். புல்லுக்கு மேலே அங்கங்கே வெள்வேல மரம். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் கொறங்காடு. இவற்றோடு நரிப்பயற்றங்கொடி, அருகு, வேம்பு, ஊஞ்சை, பனை என்று இன்னும் எத்தனையோ உண்டு. வேலியடியில் கவுதாரியும் காடையும் குடியிருக்கும். கீரி ஓடும்.

இதன் ஏற்பாட்டைப் பாருங்கள். வேலி இருப்பதால் மாட்டுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கவேண்டியதில்லை. இரவும் பகலும் மாடு காட்டிலேயே கிடக்கும். சாணமும் மூத்திரமும் அங்கேயே விழும். ஒரு காட்டுப் புல் கடிபட்டதும் அடுத்த காட்டுக்கு ஓட்டுவார்கள். முன்னால் மாடும் எருமையும் மேயும். அது விட்டுவைத்ததைப் பின்னால் செம்மறி மேயும். புல் காய்ந்து போகிற கோடையில் வெள்வேலங்காய் உதிரும். ஆடு அதைத் தின்னும். தின்ற காயின் விதை புழுக்கையோடு விழுந்து அடுத்த மழைக்கு முளைக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காட்டை உழுது சோளமோ கொள்ளோ விதைப்பார்கள். அறுவடை ஆனதும், மண்ணில் கிடந்த விதையிலிருந்து புல் மறுபடி தலை தூக்கும்.

உரக் கம்பெனியின் தயவு இல்லை. மின்சார மோட்டார் இல்லை. பாங்கிக் கடன் இல்லை. வானம் கொடுத்த மழையை வைத்துக்கொண்டு மண், புல், மரம், மாடு, மனிதன் ஐந்தும் ஒன்றையொன்று தாங்கி நிற்கிற ஏற்பாடு இது. இதையா தரிசு என்கிறார்கள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள்!

தரிசு என்று சொன்னவர்கள் யார்?

இந்தப் பழக்கத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. வெள்ளைக்காரன் ஆட்சியில் நிலத்தை அளந்தது வரி வசூலிப்பதற்காக. கலப்பை பட்டு, தீர்வை கொடுக்கிற நிலம் நல்ல நிலம். தீர்வை வராத நிலம் வீண் நிலம். புல்லை மாடு தின்றால் கஜானாவுக்குக் காசு வராது. ஆகவே புல்வெளிக்கும் புதர்க்காட்டுக்கும் அவன் வைத்த பெயர் ‘வீண்’.

அவன் 1947-ல் போய்விட்டான். அவன் வைத்த பெயர் போகவில்லை. வானத்திலிருந்து படம் பிடித்து இந்திய சர்க்கார் வெளியிடுகிற தரிசு நில வரைபடத் தொகுப்பிலும் புதர் நிலம் ஒரு தரிசு வகையாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. செயற்கைக்கோளுக்குப் பச்சையின் அளவு தெரியும். பசித்த மாட்டுக்கு எந்தப் பச்சை உணவு என்பது அதற்குத் தெரியுமா?

வேடிக்கை என்னவென்றால், அதே வெள்ளைக்காரன் காலத்துக் கால்நடை அதிகாரி லிட்டில்வுட் என்பவர் தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி 1936-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் காங்கயம் மாட்டுக்கு முக்கிய இடம் கொடுத்தார். வண்டி இழுக்கவும், ஏற்றம் இறைக்கவும், உழவு ஓட்டவும் பேர்போன அந்த மாடு எதைத் தின்று வளர்ந்தது? மூட்டைத் தீவனமா தின்றது? கொறங்காட்டுக் கொழுக்கட்டைப் புல்லைத் தின்று வளர்ந்தது. சித்திரை மாதத்தில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போனவர்கள் தரிசில் விளைந்த செல்வத்தைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்.

மண்ணுக்குள் இருக்கும் சொத்து

கண்டிராக்டருக்கு வேண்டியது கிராவல். அது மேலே கிடைப்பதில்லை. இந்த வட்டாரத்து மண் பழைய பாறை மக்கிச் சிதைந்து உண்டான செம்மண். மேலே ஒரு சாணோ ஒரு முழமோ மணற்பாங்கான மண் இருக்கும். அதன் கீழே சரளை. பல இடங்களில் அதற்கும் கீழே சுக்கான். அப்புறம் பாறை. சரளையை எடுக்கவேண்டுமானால் மேலே இருக்கும் மண்ணை முதலில் வழித்துத் தள்ளவேண்டும். பொக்லைன் இயந்திரத்துக்கு அது அரைநாள் வேலை.

ஆனால் அந்த ஒரு சாண் மண்ணில்தான் எல்லாம் இருக்கிறது. பல ஆண்டுகளாக உதிர்ந்த புல் விதை அங்கே கிடக்கிறது. மக்கிய சாணமும் சருகும் அங்கே இருக்கிறது. கறையானும் சாணிவண்டும் மண்புழுவும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் அங்கேதான் வேலை செய்கின்றன. கொழுக்கட்டைப் புல் தன் தூரில் உணவைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஆளுயரம் ஆழத்துக்கு வேரை இறக்கி, கோடையில் செத்ததுபோல் கிடந்து, முதல் மழைக்கு உயிர்த்தெழும். அந்தத் தூரும் வேரும் மண்ணைப் பிடித்து வைத்திருப்பதால்தான் பெய்கிற மழை ஓடிப்போகாமல் சரளையின் ஊடே கசிந்து கீழே இறங்குகிறது. பக்கத்துக் கிணற்றில் ஊறுகிற தண்ணீர் இப்படி இறங்கின தண்ணீர்தான்.

ஓர் அங்குல மண் உண்டாவதற்கு நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்று மண்ணை ஆராய்ந்தவர்கள் சொல்லுகிறார்கள். மழை குறைந்த நாட்டில் அது இன்னும் மெதுவாகவே நடக்கும். மில்லில் நூல் அறுந்தால் ஒரு நொடியில் பிணைத்துவிடலாம். இந்த இழை அறுந்தால் பிணைக்க ஆள் கிடையாது.

‘கவுண்டர் காடுதானே, நமக்கென்ன?’

இந்தக் கேள்வியைக் கூலித் தொழிலாளிகளில் சிலர் கேட்கத்தான் செய்கிறார்கள். நியாயமான கேள்வி. இதற்கு மழுப்பாமல் பதில் சொல்லவேண்டும்.

கொறங்காடு பெரும்பாலும் பட்டா நிலம். அது உழைக்கும் மக்களின் பொதுச் சொத்தாக இருந்ததில்லை. நிலமுடையவன் வேலிக்கு உள்ளே, நிலமற்றவன் வேலிக்கு வெளியே என்பதுதான் இதுவரை கதை. இதை மறைத்துப் பேசுகிறவர்கள் நம்மை ஏமாற்றுகிறார்கள். ‘பாரம்பரியம், பாரம்பரியம்’ என்று மேடையில் உருகுகிறவர்கள் அந்தப் பாரம்பரியத்தில் பண்ணையாளின் குழந்தை எங்கே நின்றது என்று சொல்லுவதில்லை.

ஆனால் இன்றைய நிலைமையைப் பாருங்கள். நிலமில்லாத குடும்பம் பத்து ஆடு வைத்திருக்கிறது. புல் உள்ள காட்டை வருஷக் குத்தகைக்கு எடுத்து மேய்க்கிறது. அல்லது வேலியோரத்தில் மேய்க்கிறது. காட்டுக்கு வேலி கட்ட, முள் வெட்ட, கிளுவை நட, உழவு ஓட்டக் கூலி வேலை கிடைக்கிறது. பனியன் கம்பெனிக்கும் நூல் மில்லுக்கும் பஸ்ஸில் போய் வருகிற தொழிலாளியின் வீட்டிலே தாயாரோ மனைவியோ நாலு ஆடு, ஒரு எருமை வைத்திருக்கிறார்கள். மில்லில் ஆர்டர் குறைந்து ஷிப்ட் வெட்டுப்படுகிற மாதத்தில் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டுவது எதை விற்று? ஆட்டை விற்று. ஆடு தின்பது எதை? இந்தத் தரிசை!

நிலமுடையவனுக்குக் காட்டை குவாரிக்கு விட்டால் கையில் ரொக்கம் வரும். அதைக் கொண்டுபோய்த் திருப்பூரில் வீடு வாங்குவான். காடு போனதால் அவன் பட்டினி கிடக்கப் போவதில்லை. குத்தகைக்கு எடுத்து மேய்த்தவனுக்கு ஒரு பைசா நஷ்டஈடு கிடையாது. அவன் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. அடங்கலில் இல்லை. ஒப்பந்தத்தில் இல்லை. பக்கத்துக் காட்டில் எறும்பு மாதிரி உழைக்கிற சிறு விவசாயியின் புல்மேல் தூசி படிகிறது. மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளுகிறது. அவன் கிணறு வற்றுகிறது. அவனுக்கும் நஷ்டஈடு கிடையாது.

ஆகவே, ‘கவுண்டர் காடுதானே’ என்று சும்மா இருந்தால் நஷ்டம் கவுண்டருக்கு அல்ல, நமக்கு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ஆறடி ஆழம் தோண்டினால் 2,61,360 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட். ஆக, ஏக்கருக்கு 2,613 யூனிட். ஒரு டிப்பர் லாரி நாலு யூனிட் ஏற்றும் என்று வைத்துக்கொண்டால் 653 நடை. நாளொன்றுக்கு முப்பது நடை அடித்தால் 22 நாளில் ஓர் ஏக்கர் காலி!

பல தலைமுறை மேய்ந்த காடு 22 நாளில் போய்விடுகிறது. அதன் பிறகு அந்த ஏக்கர் யாருக்கும் எதையும் தராது. ஆனால் தோண்டாமல் விட்டிருந்தால்? அடுத்த ஆண்டும் புல். அதற்கு அடுத்த ஆண்டும் புல். நம் பேரன் காலத்திலும் புல். ஒருமுறை வருகிற ரொக்கத்தையும் என்றென்றும் வருகிற வருமானத்தையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பதுதான் கண்டிராக்டர் கணக்கு. பொன் முட்டையிடும் வாத்தை அறுத்தவன்கூட வயிற்றுக்குள் பொன் இருக்குமென்று நம்பித்தான் அறுத்தான். இவர்கள் எல்லாம் தெரிந்தே அறுக்கிறார்கள்.

‘மேல்மண்ணைத் திரும்பப் போடுவோம்’ என்ற புளுகு

ஆட்சேபணை கிளம்பினால் இப்படி ஒரு வாக்குறுதி வரும். மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைப்போம், வேலை முடிந்ததும் பரப்பிவிடுவோம், மரக்கன்று நடுவோம் என்பார்கள். காகிதத்தில் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

நடப்பது என்ன? குவித்து வைத்த மண்ணின் உட்புறத்துக்குக் காற்றுப் போகாது. நாள் ஆக ஆக விதை முளைப்புத்திறனை இழக்கிறது. நுண்ணுயிர்கள் மடிகின்றன. மேல்மண்ணும் சரளையும் கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. மழை வந்தால் குவியலே கரைந்து ஓடைக்குப் போய்விடும். பல இடங்களில் மேல்மண்ணும் லாரியேறி மனைப்பிரிவுக்குப் போய்விடுகிறது. திரும்பப் போடுவதற்கு எதை வைத்துப் போடுவார்கள்?

கடைசியில் மிஞ்சுவது குழி. மழைத் தண்ணீர் அதில் தேங்கி வெயிலில் ஆவியாகப் போகும். குழிக்கரையில் பாறைபோல் இறுகிய அடிமண்ணில் முதலில் முளைப்பது சீமைக் கருவேல். கிளறிப்போட்ட இடத்தைப் பிடித்துக்கொள்ளுவதில் அதற்கு நிகர் கிடையாது. அதைத் தாண்டிக் கொழுக்கட்டைப் புல் தானாகத் திரும்பி வருவது அரிது. ஐந்து ஆண்டு கழித்து அதிகாரி வந்து பார்ப்பார். இப்போது உண்மையாகவே தரிசு! பார்த்தீர்களா, முதலிலேயே தரிசு என்று எழுதினோமே என்பார்கள். எழுதிய பொய்யை இயந்திரம் வைத்து மெய்யாக்குகிற வித்தை இது.

நூறு மரக்கன்று நடுவதும் இதற்கு மாற்று ஆகாது. அழிந்தது புல்வெளி. நட்டது புங்கனும் வேம்பும். தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் அவையும் காய்ந்துபோகும். காயாமல் வளர்ந்தாலும் மாட்டுக்கு அது மேய்ச்சல் அல்ல.

சட்டம் இருக்கிறது, சந்தும் இருக்கிறது

கிராவல் என்பது 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டப்படி ‘சிறு கனிமம்’. அதற்கு உரிமம் கொடுப்பது மாநில சர்க்கார். தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டின் சிறு கனிமச் சலுகை விதிகள் இதற்காகவே உள்ளன. பெயரைக் கவனியுங்கள். சலுகை! யாருக்குச் சலுகை?

பெரிய சுரங்கத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2006-ல் அறிவிக்கை வந்தது. உடனே பெரிய நிலத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றும் 5 எக்டேருக்குக் குறைவு என்று காட்டித் தப்பித்தார்கள். இந்தத் தில்லுமுல்லு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2012 பிப்ரவரி 27-ல் தீபக் குமார் வழக்கில், 5 எக்டேருக்குக் குறைவான குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என்று தீர்ப்பு வந்தது.

அத்தோடு விட்டார்களா? 2016 ஜனவரியில் ஒரு அறிவிக்கை மூலம் சிறிய குத்தகைகளுக்கு அனுமதி கொடுக்கிற வேலையை மாவட்ட மட்டக் குழுவுக்கே தள்ளினார்கள். 2018-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதைக் கண்டித்தது. 2020 மார்ச்சில், நாடே கொரோனாவுக்கு அஞ்சி வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த வாரத்தில், சாலை, ரயில் பாதை போன்ற வேலைகளுக்குச் சாதாரண மண் எடுக்கச் சுற்றுச்சூழல் அனுமதியே வேண்டாம் என்று மத்திய சர்க்கார் ஒரு அறிவிக்கை போட்டது. ஜனங்களின் ஆட்சேபணையைக் கேட்காமலே போட்டது. நாலு ஆண்டு கழித்து, 2024 மார்ச் 21-ல், உச்ச நீதிமன்றம் அந்த விலக்கைச் செல்லாது என்று அடித்துவிட்டது. இடைப்பட்ட நாலு ஆண்டில் அள்ளிய மண்ணை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? தீர்ப்பு வந்தது, மண் வரவில்லை!

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ளவேண்டியது ஒன்று உண்டு. ஒரு வாசலை அடைத்தால் இன்னொரு வாசலைத் திறக்க அவர்களுக்கு ஆள் இருக்கிறது. கோர்ட்டு மட்டும் காப்பாற்றும் என்று உட்கார்ந்திருந்தால் குழிதான் மிஞ்சும். அதேபோல் 500 மீட்டருக்குள் அடுத்தடுத்து வருகிற குத்தகைகளை ஒரே தொகுப்பாகக் கணக்கிடவேண்டும் என்று விதி இருக்கிறது. ஊரில் உள்ளவர்களுக்கு இந்த விதி தெரிந்தால்தான் பக்கத்துக் காட்டுக்கும் சேர்த்துக் கணக்குக் கேட்கமுடியும். கண்டிராக்டர் கேட்கப் போவதில்லை.

வேலை கொடுக்கிறார்களாம்!

குவாரி வந்தால் உள்ளூர் ஆட்களுக்கு வேலை கிடைக்கும் என்று ஒரு தூண்டில் போடுவார்கள். கிராவல் குவாரியில் எத்தனை பேருக்கு வேலை? பொக்லைன் ஓட்ட ஓர் ஆள். லாரி ஓட்டச் சில டிரைவர்கள். நடைச்சீட்டு எழுத ஓர் ஆள். அதோடு சரி. குழி வெட்டி முடிந்ததும் அந்த வேலையும் முடிந்தது. காடு கொடுத்து வந்த வேலி வேலை, உழவு வேலை, ஆட்டு வருமானம் எல்லாம் அதற்கு முன்பே போய்விட்டிருக்கும்.

கல் குவாரியில் ஆள் அதிகம் வேண்டும். அங்கே தொழிலாளியின் உயிருக்கு என்ன மதிப்பு? 2022 மே மாதத்தில் திருநெல்வேலி அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து தொழிலாளிகள் சிக்கினார்கள். நாலு பேர் பிணமாக வந்தார்கள். 2025 மே மாதத்தில் சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டை குவாரியிலும் பாறை சரிந்து தொழிலாளிகள் மாண்டார்கள். விபத்து என்றார்கள். பாதுகாப்புக்குச் செலவழிக்காமல் மிச்சம் பிடித்த காசுக்கு என்ன பெயர்?

கேள்வி கேட்டவர்களின் கதியும் நமக்குத் தெரியும். 2022 செப்டம்பரில் கரூர் மாவட்டத்தில் கல்குவாரி அக்கிரமத்தை எதிர்த்த ஒரு விவசாயி வண்டி மோதிச் செத்தார். 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பகுதியில் சட்டவிரோதக் குவாரிகள் மீது புகார் கொடுத்து வந்த ஒருவர் டிப்பர் லாரி மோதிச் செத்தார். இரண்டும் கொலை வழக்குகளாகப் பதிவாயின. தரிசு நிலத்துக்காகவா இத்தனை வெறி? அந்த நிலத்தில் ஒன்றுமே இல்லையென்றால் அதற்காக மனிதன் உயிர் ஏன் போகவேண்டும்?

ஆகவே தனி ஆளாக மனுக் கொடுப்பது ஆபத்து. ஊராகச் சேர்ந்து கொடுப்பதே பாதுகாப்பு.

சாலை வேண்டாமா?

வேண்டும். நமது ஊருக்கும் சாலை வேண்டும். மில் பஸ் வருகிற பாதையில் குழி விழுந்து இடுப்பு ஒடிவது நமக்குத்தான். சாலையை எதிர்ப்பவர்கள் என்று நம்மீது முத்திரை குத்தப் பார்க்கிறவர்களுக்கு இதைத் தெளிவாகச் சொல்லுகிறோம்.

ஆனால், ஓட்டைச் சட்டியானாலும் கொழுக்கட்டை வெந்தால் சரி என்கிற கதையை நாம் ஏற்கமுடியாது. இங்கே வெந்துபோகிற கொழுக்கட்டை நம் மாட்டின் கொழுக்கட்டைப் புல்! சாலை மேட்டுக்கு மேய்ச்சல் மண்தான் வேண்டுமென்று எந்த எஞ்சினீயர் சொன்னார்? அனல்மின் நிலையச் சாம்பலைச் சாலை வேலைக்குப் பயன்படுத்தவேண்டும், நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் கட்டுமான வேலை செய்பவர்களுக்கு இது கட்டாயம் என்று 2021 டிசம்பரில் மத்திய சர்க்காரே அறிவித்தது. மேட்டூர் அனல்மின் நிலையம் இந்தத் தூரத்துக்குள்ளேதான் இருக்கிறது. நகரங்களில் இடித்த கட்டிடக் கழிவை மறுபடி பயன்படுத்த 2016-ல் விதிகள் வந்தன. கல்குவாரிகளில் கழித்துக் கட்டிய மண்ணும் கல்லும் மலைபோல் கிடக்கிறது. இவற்றை எடுக்கச் செலவு சற்று அதிகம். கொறங்காட்டில் அள்ளினால் செலவு குறைவு. அந்த வித்தியாசம்தான் கண்டிராக்டரின் லாபம். அந்த லாபத்துக்காக நம் காடு போகவேண்டுமா?

காளைக்குக் கைதட்டினால் போதுமா?

2017 ஜனவரியில் சென்னை மெரினாவிலும் தமிழகம் முழுவதும் லட்சக்கணக்கில் இளைஞர்கள் திரண்டார்கள். நாட்டு மாட்டைக் காப்போம் என்று முழங்கினார்கள். ஒரே வாரத்தில் சட்டத்தைத் திருத்தினார்கள். 2023 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தம் செல்லும் என்றது. ஜனங்கள் திரண்டால் சட்டம் வளையும் என்பதற்கு அது சாட்சி.

ஆனால் காளை காற்றைக் குடித்து உயிர் வாழுமா? காங்கயம் காளையின் படத்தைச் சட்டையில் அச்சடித்துக்கொள்ளுகிற கனவான்கள், அது மேய்ந்த காட்டை லாரியில் ஏற்றும்போது எங்கே போனார்கள்? ஒருபக்கம் காற்றாலை, ஒருபக்கம் சூரியமின் தகடு, ஒருபக்கம் மனைப்பிரிவு, ஒருபக்கம் கிராவல் குழி. நாலு பக்கமும் காட்டை நெருக்கினால் மாடு நடுவில் நின்று எதைத் தின்னும்? மேய்ச்சல் போனால் மாட்டைக் கட்டிப்போட்டு மூட்டைத் தீவனம் வாங்கவேண்டும். அதற்கு ஏழையிடம் காசு இல்லை. மாட்டை விற்றுவிடுவான். இப்படித்தான் ஓர் இனம் அழிகிறது.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2022-ல் கூடி, 2026-ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய ஆண்டாக அறிவித்தது. உலகம் மதிக்கிற நிலத்தை உள்ளூர் ஆபீஸ் தரிசு என்று எழுதுகிறது. வெட்கக்கேடு!

நாம் செய்யவேண்டியது

மதுரை மாவட்டம் அரிட்டாபட்டிப் பகுதியை நினைத்துப் பாருங்கள். 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு அந்த வட்டாரத்தை ஏலம் விட்டார்கள். கிராமம் கிராமமாக ஜனங்கள் எழுந்தார்கள். கிராமசபை போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். ஊர்வலம் போனார்கள். 2025 ஜனவரியில் மத்திய சர்க்கார் ஏலத்தை ரத்து செய்தது. அது யாரும் போட்ட பிச்சை அல்ல, ஒற்றுமை ஈட்டிய வெற்றி. அந்த ஒற்றுமையை இங்கே உண்டாக்கமுடியாதா?

முதலாவது, குவாரி மனுவில் தரிசு என்று எழுதியிருந்தால் அதைச் சும்மா விடக்கூடாது. மனுவின் நகலைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டு வாங்கவேண்டும். எந்தெந்தப் புல், எத்தனை வெள்வேல மரம், எத்தனை ஆடு மாடு மேய்கிறது, சுற்றிலும் எத்தனை கிணறு என்று ஊரார் தாங்களே கணக்கெடுத்து எழுதி, மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கவேண்டும். மேய்க்கிற பெண்களைவிட அந்தக் காட்டை அறிந்த நிபுணர் கிடையாது. அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள்.

இரண்டாவது, 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்கவேண்டும். அந்தப் பதிவேடு எங்கே என்று கேளுங்கள். கொறங்காடும் அதன் புல்லும் மரமும் அதில் ஏறட்டும்.

மூன்றாவது, கிராமசபை. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, ஜனவரி 26, மார்ச் 22 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. மே தினத்தில் கொடியேற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடாமல், மில் தொழிலாளிகளும் விவசாயத் தொழிலாளிகளும் கிராமசபையில் போய் உட்காருங்கள். மேய்ச்சல் காட்டில் கிராவல் குவாரி கூடாது என்ற தீர்மானத்தைக் கொண்டுவாருங்கள்.

நான்காவது, கனிமத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று 2015 சட்டத் திருத்தப்படி மாவட்ட கனிம அறக்கட்டளை நிதி இருக்கிறது. ஏற்கனவே குழி விழுந்த ஊர்களில் மேய்ச்சல் இழந்தவர்களுக்கு அதிலிருந்து என்ன செய்தார்கள் என்று கணக்குக் கேளுங்கள்.

இவற்றோடு நமது கோரிக்கைகள்: கொறங்காட்டை ‘மேய்ச்சல் நிலம்’ என்று தனி வகையாக ஆவணங்களில் பதிவு செய்! பட்டா நிலமானாலும் மேய்ச்சல் காட்டில் குவாரிக்கு உரிமம் கொடுக்காதே! குத்தகைக்கு எடுத்து மேய்ப்பவர்களுக்கு எழுத்து மூலமான உரிமை கொடு! காட்டைக் காப்பாற்றி வைத்திருக்கும் சிறு விவசாயிக்குச் சர்க்கார் உதவித்தொகை கொடு! சாலை வேலைக்கு மாற்றுப் பொருளைக் கட்டாயமாக்கு!

தோழர்களே! மேய்ச்சல் இல்லாத ஊரில் ஏழையின் கையில் கூலியைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது. கூலி ஒன்றே கதி என்று ஆனவனை மிரட்டுவது முதலாளிக்கு எளிது. வீட்டில் நாலு ஆடு உள்ளவன் வேலைநிறுத்தத்தில் நாலு நாள் கூடத் தாக்குப்பிடிப்பான் என்பது மில் முதலாளிக்கும் தெரியும், கண்டிராக்டருக்கும் தெரியும். நமக்கும் தெரியவேண்டும்.

கிளுவை வேலியை ஒற்றைக் குச்சி காப்பதில்லை. குச்சிக்குப் பக்கத்தில் குச்சி நெருங்கி நிற்பதால்தான் அது வேலி. மில் வாசலிலும் காட்டு வரப்பிலும் நாமும் அப்படி நெருங்கி நிற்போம். லாரி நிற்கும்!